இரண்டாவது கேள்வி

பத்துக் கேள்விகள், ஒரு பச்சைத் தாள்.
வேறேதோ நாட்டில் பிறந்து
பாகாயத்தில் ஏ.சி. அறையொன்றில் தமிழாகி,
சரிபார்க்க மறுபடி ஆங்கிலமாகி,
மறுபடி தமிழாகி
அணைக்கட்டு சாலையில் என் டி.வி.எஸ்ஸில்
குலுங்கிக்கொண்டு வருகின்றன.

முதல் கேள்வியைத் தாண்டிவிடலாம்.
இரண்டாவதில்தான் சக்கரம் புதையும்:
குடிக்கிற நாளில் எத்தனை அளவு குடிப்பீர்கள்?
ஓர் அளவு என்றால் என்ன என்று
படம் போட்டிருக்கிறது.
கண்ணாடி டம்ளர், நடுவில் ஒரு கோடு.

கம்மவான்பேட்டை ஹவில்தார் லோகநாதன்
படத்தைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"ரெண்டு. ஞாயித்துக்கிழமை மூணு.
கேன்டீன் ரம். எழுதிக்கோ."
மூடியில் அளந்து ஊற்றுகிறவர்.
தாள் அவர் வீட்டு முகவரிக்கே
வந்ததுபோல் இருந்தது.

பள்ளிகொண்டாவில் சம்பங்கி
தாளைத் தலைகீழாகவும் பார்த்தான்.
"இன்னா சார், டம்ளர்ல கோடெல்லாம் போட்டுக்கினு.
நானும் கன்னியப்பனும் ஒரு குவார்ட்டர் சொல்லுவோம்.
அவன் அஞ்சு ரூபா ஜாஸ்தி போட்டா
அவனுக்கு ஒரு மொடக்கு ஜாஸ்தி.
தண்ணி பாக்கெட் தீந்துட்டா தண்ணி இல்லாம."
மனசுக்குள் வகுத்து மூன்று என்று எழுதினேன்.
அந்த மூன்று என்னுடையது.

பேரணாம்பட்டுத் தோல் கிடங்கு வாசலில் ஒருவர்,
பெயர் வேண்டாம் என்றார், எழுதவில்லை,
கேள்வி முடியுமுன்பே
இல்லை, இல்லை, இல்லை.
பத்துப் பூச்சியங்கள்.
பிறகு டீ சொன்னார்.
என் பக்கம் நீட்டிய டம்ளரிலிருந்து
பாதி அவர் விரல்களிலேயே சிந்தியது.
அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

பீஞ்சமந்தைக்கு ஏறினேன்.
"மாசத்துக்கு எத்தனை நாள்?"
"எந்த மாசத்துல?" என்றாள் காளிச்சி.
சாமை அறுத்தால் உண்டு. சாவு விழுந்தால் உண்டு.
விதைத்துவிட்டால் கதிர் வரும்வரை
வாசனையே கிடையாது.
எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால்
ஒருத்தி வருகிறாள்,
அந்த மலையில் அப்படி ஒருத்தி இல்லை.

குற்ற உணர்வு வந்ததுண்டா?
குடியாத்தத்தில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே
பேபியம்மாள் முறைத்தாள்.
"குத்தமா? நான் இன்னா திருடிட்டனா?"
பூச்சியம்.

உங்கள் குடியைப் பற்றி
வீட்டில் யாராவது கவலைப்பட்டார்களா?
முனிரத்தினம் சிரித்தான்.
வேண்டியதைவிட நீளமான சிரிப்பு.
"கவலப்பட ஆளு வேணாமா சார்."
மனைவி போய் ஏழு வருஷம், மகன் ஓசூரில்.
அதற்கும் பூச்சியம்.
யாருமில்லாததால் அவன்
நாலு மதிப்பெண் ஆரோக்கியமானான்.

பதினைந்து நாள் கழித்து
அதே கேள்வி, அதே ஆட்கள்.
இரண்டு பதிலும் ஒத்துப்போனால்
கருவி நம்பகமானது.
சம்பங்கி ஆடிக்குக் காப்புக் கட்டியிருந்தான்.
"ஒண்ணுமில்ல சார், சத்தியமா."
சத்தியம்தான், அந்த வாரத்துக்கு.
பேபியம்மாள் கதவைத் திறக்கவில்லை.
பெயர் சொல்லாதவர் மட்டும்
ஒரு கட்டம்கூட மாறவில்லை.

புள்ளியியல் மேடம் திரையைத் தட்டிக் காட்டினார்.
"டவுன் ஆண்கள் நல்லா வந்திருக்காங்க.
பெண்கள் கொஞ்சம் ஆடுது.
மலையைத் தனியா எடுத்துடலாம்."
எடுத்தோம்.
மலை போனதும் எண் உயர்ந்தது.

ஒரே பொய்யை இரண்டு முறை சொன்னால்
தசமப் புள்ளி வைத்து
அதற்கொரு நல்ல பெயர் உண்டு.
எனக்குத் தெரியும்.
பயிற்சியின்போது எங்களையே நிரப்பச் சொன்னார்கள்.
மொத்தம் நாலு வருகிற மாதிரி போட்டேன்.
பதினைந்து நாள் கழித்து,
ஞாபகமாக, நாலு.

இரவு எட்டரை, காட்பாடி போகும் வழி.
கம்பி வலைக்குள்ளிருந்து ஒருவன்
தலை நிமிராமல் கேட்கிறான்:
"எத்தனை?"
வரிசையில் யாரும் யோசிப்பதில்லை,
படம் கேட்பதில்லை.
கொத்தனார், வக்கீல் குமாஸ்தா, முகத்தில் துண்டு கட்டியவர்,
ஆளாளுக்குச் சரியான எண்,
கசங்கிய சரியான சில்லறை.

தாள்கள் வண்டிப் பெட்டியில் பூட்டியிருக்கின்றன.
என் முறை.
விரல்களைக் காட்டுகிறேன்.